கடையில் ஓடும் கம்ப்யூட்டர் வீட்டில் ஏன் நிற்கிறது?

மாதக் கடைசி. கணக்கை எழுதி முடித்து, கூட்டுத் தொகையைத் தட்டுகிற நேரம். திரை சட்டென்று இருண்டு போகிறது. ஒரு நிமிஷம் கழித்து, ஒன்றுமே நடவாதது போலக் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி ஓடத் தொடங்குகிறது. எழுதிய கணக்கைத்தான் காணோம்!

ஒரு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று நாள் இப்படி நடந்தால்?

தாராவியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், மாட்டுங்காவில் நாலு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் குமாஸ்தா, பிள்ளையின் படிப்புக்காகச் செம்பூரில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கும் தொழிலாளி - யாராக இருந்தாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான்.

மெக்கானிக் வருகிறார். "ராம் போய்விட்டது" என்கிறார். புது ராம் வாங்கப்படுகிறது. நாலு நாள் ஓடுகிறது. ஐந்தாம் நாள் நிற்கிறது. "அப்படியானால் எஸ்.எம்.பி.எஸ்.தான்" என்கிறார். அதுவும் மாற்றப்படுகிறது. ஒரு வாரம் ஓடுகிறது, மறுபடியும் நிற்கிறது. கடைசியில், "மதர்போர்டு போய்விட்டது. இதற்குச் செலவு செய்வதைவிட வேறு வாங்கிவிடுங்கள்" என்று தீர்ப்பு வருகிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாமிங்டன் ரோட்டுக்குப் போனால் அங்கே வேறு கூத்து. கடையில் நாள் முழுக்க ஓடுகிறது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. "எங்களிடம் நன்றாகத்தானே ஓடியது?" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இரவே நின்றுவிடுகிறது.

கடைக்காரர் சொல்வதும் பொய்யல்ல. வீட்டுக்காரர் சொல்வதும் பொய்யல்ல. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் கோளாறு ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைப் பிடிக்க இன்ஜினீயர் பட்டம் தேவையில்லை. பொறுமையும், ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பென் டிரைவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முக்கியமான விதி ஒன்றே ஒன்று: சந்தேகத்தின் பேரில் எந்தப் பொருளையும் வாங்கக் கூடாது, சாட்சி கிடைத்த பிறகே வாங்க வேண்டும்.

திரை சொல்வதெல்லாம் உண்மையா?

நிற்கும்போது திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி வருகிறது. அதில் எந்தப் பொருளின் பெயர் இருக்கிறதோ அதை மாற்றினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு உலகம் முழுவதும் நடந்த ஒரு சம்பவமே சாட்சி.

இன்டெல் கம்பெனி தன் 13-வது தலைமுறை ப்ராசஸர்களை 2022 அக்டோபரிலும், 14-வது தலைமுறையை 2023 அக்டோபரிலும் விற்பனைக்கு விட்டது. அவற்றில் விலை உயர்ந்த ரகங்களை வாங்கியவர்களில் பலருக்கு, விளையாட்டுகள் ஓடும்போது கம்ப்யூட்டர் அடிக்கடி தடைப்பட்டது. திரையில் வந்த செய்தி என்ன? "வீடியோ மெமரி போதவில்லை."

வீடியோ மெமரி என்பது கிராபிக்ஸ் கார்டில் இருப்பது. ஆகவே எல்லோருடைய சந்தேகமும் கார்டின் மேல் விழுந்தது. ஆனால் குற்றவாளி அதுவல்ல. கார்டு தயாரிக்கும் என்விடியா கம்பெனியே, 2024 ஏப்ரலில், இந்தக் கோளாறு உள்ளவர்களை இன்டெல்லிடம் போகச் சொன்னது.

2024 ஜூலையில் இன்டெல் உண்மையை ஒப்புக்கொண்டது. ப்ராசஸரின் உள்ளே இருக்கும் கட்டளைத் தொகுப்பில் ஏற்பட்ட தவறால், அது தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கியிருக்கிறது. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து உள்ளே இருந்த ஒரு சர்க்யூட்டைச் சீக்கிரமே கிழடாக்கிவிட்டன. 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிடப்பட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன ப்ராசஸரை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது, மாற்றித்தான் ஆகவேண்டும். வாரண்டி காலமும் மேலும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? கம்ப்யூட்டர் தடுக்கி விழுந்த இடத்தைத்தான் திரை காட்டுகிறது. தடுக்கிய கல்லைக் காட்டுவதில்லை. செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதுவே தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் கணக்கைக் காப்பாற்று!

அடிக்கடி நிற்கும் கம்ப்யூட்டர் எந்த நாள் அடியோடு படுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே சோதனை எதையும் தொடங்கும் முன்பு, கணக்கு, சான்றிதழ், வருமான வரிக் காகிதம், குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். மூன்று வருஷக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

டிஸ்கிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் இன்னும் அவசரம். அந்த நேரத்தில் டிஸ்கைப் பழுது பார்க்கும் நிரல்களை ஓட்டக் கூடாது. சாகும் தறுவாயில் உள்ள டிஸ்கை அவை மேலும் ஓட வைத்துக் கொன்றுவிடும். பிரதி முதலில், சோதனை பிறகு.

பூச்சி சொன்ன பாடம்

1947 செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் உருவான மார்க்-2 என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் தகராறு செய்தது. தேடிப் பார்த்ததில், 70-வது ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி சிக்கிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் அதை எடுத்து எறிந்துவிடவில்லை. தினசரிக் குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் பூச்சியோடு இன்றும் வாஷிங்டன் பொருட்காட்சிச் சாலையில் பத்திரமாக இருக்கிறது.

அவர்கள் செய்ததைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் செய்ய வேண்டும். ஒரு சிறு நோட்டோ, பழைய டைரியோ போதும். கம்ப்யூட்டர் நிற்கும்போதெல்லாம் ஐந்து விஷயங்களை எழுத வேண்டும்: தேதியும் நேரமும், போட்டு எவ்வளவு நேரத்தில் நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது, திரையில் என்ன வந்தது, வீட்டில் அந்த நேரத்தில் வேறு எது ஓடியது.

ஐந்தாவது கேள்விதான் பல வீடுகளில் திருடனைப் பிடித்துக் கொடுக்கிறது. "பிரிட்ஜ் மோட்டார் தொடங்கும்போது", "மிக்ஸி போட்டபோது", "பிரிண்டரில் காகிதம் ஓடும்போது" என்று ஒரே பதில் நாலு முறை வந்துவிட்டால், கோளாறு பெட்டிக்குள்ளேயே இல்லாமல்கூட இருக்கலாம்.

திரையில் வரும் செய்தியைப் படிப்பதற்குள் கம்ப்யூட்டர் தானாக மறுபடி தொடங்கிவிடுகிறதே என்பார்கள். விண்டோஸின் சிஸ்டம் பகுதியில் "ஆட்டோமாட்டிக் ரீஸ்டார்ட்" என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டால் செய்தி திரையிலேயே நிற்கும். நிதானமாகச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் இது நீலத் திரையாக வரும். 2025 முதல் புது விண்டோஸ் 11-ல் கறுப்புத் திரையாக வருகிறது. கறுப்பாக இருக்கிறதே, மானிட்டர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

விண்டோஸில் "ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்று தேடினால், எந்தெந்த நாளில் என்னென்ன தகராறு நடந்தது என்ற பட்டியலும் கிடைக்கும். அதில் "கெர்னல் பவர் 41" என்ற குறிப்பை இன்னொரு பகுதியான ஈவன்ட் வியூவரில் பார்த்துவிட்டு, "பவர் என்று வருகிறது, எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறிப்புக்குப் பொருள், "போன தடவை என்னை முறைப்படி அணைக்கவில்லை" என்பது மட்டுமே. ஏன் அணைந்தது என்று அது சொல்வதில்லை.

நிற்பதில் நான்கு விதம்

காய்ச்சல் என்றால் எல்லாம் ஒரே காய்ச்சல் அல்ல. கம்ப்யூட்டர் நிற்பதும் அப்படியே.

ஸ்விட்சை அணைத்தது போலப் பட்டென்று இருண்டு போனால், சந்தேகம் சூட்டின் மேலும் மின்சாரத்தின் மேலும் விழ வேண்டும்.

செய்தி காட்டிவிட்டு நின்றால், ஒவ்வொரு தடவையும் வருவது ஒரே செய்தியா, வேறு வேறா என்று நோட்டில் பார்க்க வேண்டும். ஒரே செய்தி, ஒரே பைலின் பெயர் என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் நிரலின் வேலை. தடவைக்கு ஒரு செய்தி என்றால் மெமரியைச் சோதிக்க வேண்டும்.

படம் போலத் திரை அப்படியே உறைந்து, மவுஸ்கூட நகராமல் போனால், டிஸ்க், மெமரி, கிராபிக்ஸ் மூன்றில் ஒன்று.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்க, ஒரே ஒரு நிரல் மட்டும் மூடிக்கொண்டால், அந்த நிரலை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

இவை சந்தேகப் பட்டியல்தான். தண்டனைப் பட்டியல் அல்ல. ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் முடிவு கட்ட வேண்டும்.

கடைக்கும் வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?

கடையில் பெட்டியின் மூடி திறந்திருக்கிறது. மேலே ஏ.சி. ஓடுகிறது. மின்சாரம் நல்ல யு.பி.எஸ். வழியாக வருகிறது. கீ போர்டும் மவுஸும் மானிட்டரும் கடைக்காரருடையவை. பிரிண்டர் கிடையாது.

வீட்டில்? பெட்டி மேஜைக்கு அடியில், சுவரை ஒட்டி, துணி போர்த்தி இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் அடுப்பும் அங்கேதான். ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு, கம்ப்யூட்டர், பிரிட்ஜ், டி.வி., செல்போன் சார்ஜர் எல்லாம் தொங்குகின்றன.

ஆகவே கடையில் ஓடி வீட்டில் நிற்கும் கம்ப்யூட்டருக்கு முதல் வைத்தியம், பொருள் மாற்றுவது அல்ல, இடம் மாற்றுவது. எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருக வேண்டும். பிரிண்டர், காமிரா, பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீ போர்டும் மவுஸும் மட்டும் வைத்து ஓட்ட வேண்டும். கெட்டுப்போன ஒரு சின்ன யு.எஸ்.பி. சாமான்கூடக் கம்ப்யூட்டரை நிறுத்திவிடும். முடிந்தால் பக்கத்து வீட்டில் ஒரு நாள் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை.

யு.பி.எஸ்ஸையும் நம்பிவிடக் கூடாது. அதற்குள் இருக்கும் பேட்டரி சில வருஷங்களில் தளர்ந்துவிடும். பச்சை விளக்கு எரியும். மின்சாரம் ஒரு கணம் போனால் தாங்காது. யு.பி.எஸ். இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்ஸில் மாட்டவே கூடாது. காகிதத்தில் மையைச் சூடாக்கி ஒட்ட வைக்க அது ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் இழுக்கும். ஜெராக்ஸ் கடைகளில் பல கம்ப்யூட்டர்கள் படுவது இதனால்தான்.

பெட்டியின் இரும்பைத் தொட்டால் லேசாகச் "சுருக்"கென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை என்று பொருள். பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும். மூன்றாவது ஓட்டைக்கு உள்ளே கம்பியே இருக்காது. இது கம்ப்யூட்டரை மட்டுமல்ல, ஆளையே பாதிக்கக்கூடிய விஷயம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்துகொள்ள வேண்டும்.

சூடும் தூசியும்

ப்ராசஸர் அளவுக்கு மேல் சூடானால், தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் பட்டென்று அணைந்துவிடும். பல ப்ராசஸர்களுக்கு எல்லைக்கோடு 95 முதல் 100 டிகிரி செல்சியஸ். போட்டு இருபது நிமிஷத்தில் நிற்கிறது, உடனே போட்டால் ஐந்து நிமிஷத்தில் நிற்கிறது, அரை மணி ஆறவிட்டால் மறுபடி இருபது நிமிஷம் ஓடுகிறது என்று நோட்டு சொன்னால், குற்றவாளி சூடுதான் என்று பெரும்பாலும் நம்பலாம்.

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு மூடியைத் திறக்க வேண்டும். சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து, விசிறிக்கு அடியில் கம்பளி விரித்தது போல இருக்கும். மெல்லிய பிரஷால் தட்டி, ஊதி எடுக்க வேண்டும். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. மும்பையில் பெட்டிக்குள் கரப்பான் குடித்தனம் நடத்துவதும் சகஜம். 1947 பூச்சியின் உறவினர்கள்!

விசிறி ஓடியும் சூடு குறையவில்லை என்றால், ப்ராசஸருக்கும் அதன் மேலுள்ள அலுமினியக் கட்டைக்கும் நடுவில் தடவியிருக்கும் பசை காய்ந்திருக்கலாம். அதைத் துடைத்துப் புதிதாகத் தடவ அதிகம் செலவாகாது.

மூடி திறந்திருக்கும்போதே மதர்போர்டில் நிற்கும் சிறு சிறு உருளைகளையும் பார்த்துவிட வேண்டும். அவை கப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ, அதுவே கண்ணால் காணும் சாட்சி.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும். அதன் 12 வோல்ட் கம்பியில், கம்ப்யூட்டர் கடுமையாக உழைக்கும்போது, 11.4-க்குக் குறையாமலும் 12.6-க்கு மேற்படாமலும் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். சும்மா இருக்கும்போது பார்த்தால் நோயாளியும் ஆரோக்கியசாலியாகத்தான் தெரிவான்.

மெமரி: ஒரு இரவுப் பரீட்சை

மெமரியில் பிழை வருவது புதிதல்ல. 1978-ம் ஆண்டு இன்டெல் ஆராய்ச்சியாளர்கள் மே, உட்ஸ் இருவரும் ஓர் அதிசயத்தை வெளியிட்டார்கள். மெமரிச் சில்லை மூடியிருந்த பீங்கான் உறையில் மிக மிகச் சிறிய அளவு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றிலிருந்து கிளம்பும் ஆல்பா துகள்கள் உள்ளே இருந்த எழுத்தையே மாற்றிவிட்டன! அதன் பிறகு உறை தயாரிப்பில் கவனம் கூடியது.

அப்படியும் பிழை அடியோடு ஒழியவில்லை. கூகுள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான கட்டுரை, மெமரிப் பட்டைகளில் நூற்றுக்கு 8-க்கும் மேற்பட்டவை ஒரு வருஷத்தில் ஒரு தடவையாவது பிழை செய்தன என்று கூறியது. அந்தக் கம்ப்யூட்டர்களில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் விசேஷ மெமரி இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது. பிழை வந்தால் வந்ததுதான்.

முதலில் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, "க்ளிக்" என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருக வேண்டும். நான்கு மாத மழையும் கடல் காற்றும் உள்ள ஊரில், பற்களில் படியும் அழுக்கே பல "ராம் போய்விட்டது"களுக்குக் காரணம். புது ராம் போட்டதும் நாலு நாள் ஓடுவதன் ரகசியமும் சில சமயம் இதுதான். கழற்றி மாட்டியதில் தொடர்பு சரியாயிற்று. பெயர் புது ராமுக்கு!

பிறகு பரீட்சை. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது. இன்னும் கடுமையான பரீட்சைக்கு, மெம்டெஸ்ட் 86 என்ற நிரலை இலவசமாகவே பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓட விட வேண்டும். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தாலும் கோளாறுதான். "ஆயிரத்தில் ஒன்றுதானே" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

பிழை வந்தால் உடனே கடைக்கு ஓடக் கூடாது. இரண்டு பட்டை இருந்தால் ஒன்றைக் கழற்றி, மற்றதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பிழை செய்யும் பட்டையை வேறு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். பட்டையோடு பிழையும் கூடவே போனால், கெட்டது பட்டை. நல்ல பட்டையும் அந்த ஒரு துளையில் மட்டும் பிழை செய்தால், கெட்டது மதர்போர்டின் துளை. இந்த ஒரு சோதனை ஒரு ராமின் விலையை மிச்சப்படுத்தும்.

டிஸ்கா, கேபிளா?

ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. "ஸ்மார்ட்" என்று இதற்குப் பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்போ போன்ற இலவச நிரல் அதைப் படித்துக் காட்டும். கெட்டுப்போன இடங்களின் எண்ணிக்கை வாரா வாரம் ஏறினால், டிஸ்குக்கு நாள் எண்ணப்படுகிறது என்று பொருள். "சி.ஆர்.சி. எர்ரர்" என்ற எண் மட்டும் ஏறினால், கெட்டது பெரும்பாலும் டிஸ்க் அல்ல; அதற்கும் மதர்போர்டுக்கும் நடுவில் உள்ள கேபிள். கேபிளின் விலையையும் டிஸ்கின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இந்த ஒரு எண்ணைப் படிக்கத் தெரிவதன் லாபம் புரியும்.

பொருளா, விண்டோஸா?

இதற்கு எளிய வழி உண்டு. லினக்ஸ் என்ற இலவச இயக்க முறையைப் பென் டிரைவில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை இரண்டு மூன்று நாள் ஓட்டலாம். அதிலும் நின்றால், பொருளில் கோளாறு. அதில் நிற்கவே இல்லை என்றால், விண்டோஸையோ டிரைவரையோ டிஸ்கையோ பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல், எடுத்த எடுப்பில் "பார்மட்" செய்யச் சொல்லும் மெக்கானிக்குகள் பலர். பார்மட் செய்தால் டிஸ்கில் உள்ளதெல்லாம் போய்விடும். கெட்ட ராம் அப்படியே இருக்கும்.

ஒன்றை மாற்று, ஒன்றை மட்டும் மாற்று

சோதனையில் ஒருவர் மேல் சந்தேகம் உறுதியானால், நண்பரிடமிருந்து அதே ரகப் பொருளை இரவல் வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருள். இரண்டை ஒன்றாக மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எது மருந்து என்று தெரியாது.

எவ்வளவு நாள் காத்திருப்பது? இதில்தான் மெக்கானிக்கும் கடைக்காரரும் ஏமாறுகிறார்கள். தினம் ஒரு தடவை நிற்கும் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் ஓடிவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமல்ல. வழக்கமாக நிற்கும் இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம் ஓடவேண்டும். தினம் நின்றது என்றால் மூன்று நாள். வாரத்துக்கு ஒரு தடவை நின்றது என்றால் மூன்று வாரம். நோட்டில் தேதி இருந்தால்தான் இந்தக் கணக்கைப் போட முடியும்.

முழுச் சாட்சி வேண்டுமானால், பழைய பொருளை மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு திரும்பி வந்தால், குற்றவாளி அதுவே. திரும்பி வரவில்லை என்றால், கழற்றி மாட்டியதில் ஏதோ தொடர்பு சரியாகியிருக்கிறது. பணம் மிச்சம்.

கடைக்குப் போகும்போது

எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். அப்போது நோட்டையும் கொண்டு போக வேண்டும். "அடிக்கடி நிற்கிறது" என்று சொல்பவருக்கும், "பதினைந்து நாளில் ஒன்பது தடவை, எல்லாம் போட்டு இருபது நிமிஷத்துக்குள், மெமரி ஒரு இரவு சோதித்தாயிற்று, பிழை இல்லை" என்று சொல்பவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு வேறு. பின்னவரிடம் ஒரு பொருளைத் தலையில் கட்டக் கடைக்காரர் யோசிப்பார்.

ராம், டிஸ்க் ஆகியவற்றின் மேலுள்ள நம்பர்களைப் படம் எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுக்க வேண்டும். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்க வேண்டும். டிஸ்க் தேவைப்படாத ரிப்பேர் என்றால், டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்வது உத்தமம். ஆதார், பாங்கிப் புத்தகம், குடும்பப் போட்டோ எல்லாம் அதில் இருக்கின்றன.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மவுஸ் போலத் தடவும் பகுதி மேலே எழும்பினாலோ, அடிப்பாகம் உப்பினாலோ, உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே அணைத்துவிட வேண்டும். சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

எதை வாங்கினாலும், பழையதாக இருந்தாலும், பில் இல்லாமல் வாங்கக் கூடாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் தாம் வசிக்கும் ஊரிலேயே அல்லது வேலை செய்யும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஊருக்குப் போனபோது சென்னையில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு மும்பையிலேயே நியாயம் கேட்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். சொந்தப் பிழைப்புக்காகக் கம்ப்யூட்டர் வைத்துத் தொழில் செய்யும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

மில்லிலும் ரயில்வே ஒர்க்ஷாப்பிலும் வேலை பார்த்த தமிழ்ப் பிட்டர்களுக்கு இந்த முறை புதிதல்ல. மோட்டார் ஓடவில்லை என்றால் எந்த நல்ல பிட்டரும் முதலில் மோட்டாரைப் பிரிப்பதில்லை. பியூஸைப் பார்ப்பார், கம்பியைப் பார்ப்பார், பிறகு பேரிங்கைத் தொட்டுப் பார்ப்பார். செலவில்லாததில் தொடங்கிச் செலவுள்ளதில் முடிப்பார். கம்ப்யூட்டரும் ஓர் இயந்திரமே. விலை உயர்ந்த மதர்போர்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால், ஒரு பிளக்கையும், ஒரு விசிறியையும், ஒரு பென்சில் ரப்பரையும் விசாரித்துவிடுவது நல்லது.